ரவை டொக்டரும் என் வயிற்றெரிச்சலும்

துப்பாக்கியைத் தூரத்தில் கண்டாலே தலைசுற்றி விழக்கூடியவரும், துப்பாக்கி ரவையைப் பற்றித் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒரு பின்னேரம் முழுவதும் பேசக்கூடியவருமான மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் வெள்ளைக்காரன் தேசத்துக் கோலியர்ஸ் வுட்டில் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. கதவுப் பலகையில் எழுதியும் இருந்தது. ஒருவரும் அதை வாசித்ததில்லை. லூயிஷாமிலிருந்து சவுத்தால் வரைக்கும் அவர் 'ரவை டொக்டர்'. புதிதாக வந்தவர்கள், பல்லுப் பிடுங்கியபின் ரவைக் கஞ்சி குடிக்கச் சொல்லும் டொக்டராக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர்களிலும் பிழையில்லை. உப்புமா கிண்டுவதும் ரவை, துப்பாக்கிக்குள் போடுவதும் ரவை. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அந்த மனிதர் என் பிழைப்பில் மண்ணள்ளிப் போட்ட கதைதான் இது.

பிழைப்பு என்றால் சம்பளம் வரும் பிழைப்பல்ல. நான் பேச்சாளன். எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் சிறப்புரை என்று போட்டு அதன்கீழ் யாருடைய பெயரும் போடாவிட்டாலும் அது நான்தான் என்று சனத்துக்குத் தெரியும். தெரிந்தபடியால்தானோ என்னவோ, நான் ஒலிவாங்கியைத் தட்டி “ஹலோ, ஹலோ” என்றதுமே பாதிச் சபை எழும்பித் தேநீர்ப் பக்கம் போய்விடும். மீதிப் பாதி கதிரையை விட்டு எழும்ப முடியாத வயதில் இருந்தது. அதுவும் சபைதானே. வருஷத்தில் ஒரு நாள் கிடைக்கும் அந்த மேடைக்காக நான் மற்ற நாளெல்லாம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு திரிந்தேன்.

அப்படிப்பட்ட எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. போய் டொக்டரின் கதிரையில் படுத்தேன்.

“ஆ எண்டு திறவுங்கோ. இன்னும். இன்னும் கொஞ்சம். அப்பிடியே வைச்சிருங்கோ” என்றார். வாய்க்குள் ஒரு குழாயையும் ஒரு கண்ணாடியையும் தன் இரண்டு விரல்களையும் வைத்தார். பிறகு சாவகாசமாகக் கேட்டார்: “உங்களுக்கு நாப்பத்துநாலைத் தெரியுமோ?”

நான் “ஆ” என்றேன்.

“தெரியாது. இருங்கோ, சொல்லுறன்.”

சொன்னார். எனக்கு ஊசி ஏறி, மரத்து, மரத்தது இறங்கி, திரும்ப ஊசி ஏறும்வரைக்கும் சொன்னார். 'நாற்பத்துநாலு' என்பது ரிவோல்வருக்குள் போடும் தடித்த ரவை ஒன்றின் பெயர். பழைய அமெரிக்க வகையில் ஈயக்குண்டும் பித்தளைக் கூடும் ஒரே தடிப்பு. ஆகவே குண்டின் பெரும்பகுதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதன்மேல் கொழுப்புப் பூசியிருக்கும். சட்டைப் பையில் போட்டால் பையிலுள்ள மண், நூல், புகையிலைத் தூள் எல்லாம் அதில் ஒட்டும்.

“பேந்து ரஷ்யாக்காரர் வந்தினம். 'உந்த அழுக்கு மூட்டையை எங்களுக்குத் தராதேங்கோ, குண்டைக் கூட்டுக்குள்ளை இறக்குங்கோ, கொழுப்பையும் உள்ளுக்கை வையுங்கோ' எண்டினம். இறக்கினவுடனை என்ன நடந்தது? குறி பாத்த இடத்திலை போய் நிண்டுது! வாயை மூடாதேங்கோ. அதுதான் மூத்தவன். ரஷ்யன். ஆள் கட்டை.”

அதற்குப் பிறகு புகையில்லாத புது வெடிமருந்து வந்ததாம். கூட்டைக் கொஞ்சம் நீட்டி இரண்டாமவனைச் செய்தார்களாம். பெயர் 'ஸ்பெஷல்'.

“நீட்டினவங்கள், ஆனா வேகம் அதே வேகம்தான்! இஞ்சத்தை உருளைக்கிழங்குக் கிரிஸ்ப்ஸ் பக்கற் மாதிரி. பெட்டி பெரிசு, சாமான் அவ்வளவுதான். சில விசரங்கள் பாத்தாங்கள், உள்ளுக்கை இடம் கிடக்கு, மருந்தை நிரப்புவம் எண்டு வீட்டிலை இருந்து நிரப்பத் தொடங்கினாங்கள். நிரப்பி நிரப்பி, கடைசியிலை கொம்பனிக்காரனே மூண்டாமவனைச் செய்தான். மக்னம். அங்குலத்திலை எட்டிலை ஒரு பங்கு நீளம் கூட்டிவிட்டான். ஏன் சொல்லுங்கோ பாப்பம்?”

“ஆ.”

“பிழை. பழைய ரிவோல்வருக்குள்ளை அவன் பூரக்கூடாது எண்டு. பூந்தா, பழசு தாங்காது. கட்டையன்ரை சட்டை நெட்டையனுக்குப் பூராது. நெட்டையன்ரை சட்டைக்குள்ளை கட்டையன் சும்மா பூந்து வெளிக்கிடுவான். விளங்குதோ? மக்னத்துக்குச் செய்த ரிவோல்வருக்குள்ளை ஸ்பெஷலும் போகும், ரஷ்யனும் போகும்.”

டொக்டரின் பாசமெல்லாம் நடுவிலான் மேல்தான். “மக்னத்துக்குச் சத்தம் கூட. சனம் அவனைத்தான் பாக்கும். ஸ்பெஷலைப் பாருங்கோ. ஆள் பாரம், ஆனா அவசரப்படமாட்டான். கைக்கும் நோகாது, காதுக்கும் நோகாது. போற இடத்துக்கு வடிவாப் போய்ச் சேருவான்” என்றார். கட்டையாய், பருமனாய், மெதுவாய் நடக்கும் டொக்டரும் கிட்டத்தட்ட அதே அமைப்புத்தான்.

குழாயை எடுத்ததும் நான் கோணல் வாயால் கேட்ட முதல் கேள்வி, “நீங்கள் எப்பவாவது சுட்டிருக்கிறியளோ?” என்பதுதான்.

டொக்டர் நெஞ்சில் கைவைத்தார். “ஐயோ! எனக்கு வெடிச் சத்தமே ஏலாது. இஞ்சை நவம்பரிலை வாணம் விட்டாலே நான் பாத்ரூமுக்குள்ளை போய்த் தண்ணியைத் திறந்துவிட்டிட்டு இருக்கிறனான்.”

“பின்னை என்னத்துக்கு உந்தக் கண்டறியாத ஆராய்ச்சி?”

“இதிலை என்ன ஆராய்ச்சி? பல்லும் ரவையும் ஒண்டுதானே. குழியைத் துப்புரவாக்கி, அளவா நிரப்பி, மேலாலை மூடிவிடுறது.”

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. பேச்சுக்கலையின் மிகப் பெரிய இரகசியத்தை இந்த மனிதர் கண்டுபிடித்திருக்கிறார். கேட்பவன் எழும்ப முடியாது. எதிர்த்துப் பேச முடியாது. கொட்டாவி விட்டால்கூட வாயைத் திறந்ததற்கு நன்றி சொல்வார். எனக்குப் பல்வலி போய்விட்டது. வயிறு எரியத் தொடங்கியது.

எரிச்சலை வளர்க்க அவரும் தன்னாலான உதவி செய்தார். சிகிச்சை அறையில் ஒரு சின்னக் கண்ணாடித் தட்டில் மூன்று வெறும் பித்தளைக் கூடுகளை, கட்டை, நடுத்தரம், நெட்டை என்று வரிசையாக வைத்திருந்தார். இந்த நாட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்கச் சட்டம் விடாது. டொக்டருக்குக் காசு கொடுத்து வைத்திருக்கச் சொன்னாலும் வைத்திருக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சாமானோடு வாங்கிய வெறும் கூடுகள் அவை. எங்கள் சங்கத்துப் பரிமளம் அன்ரி பல்லுக் காட்டப் போனபோது அவற்றைக் கண்டிருக்கிறார்.

“டொக்டர், இதுகள் ஆற்றை தங்கப் பல்லு?”

“பல்லில்லை அன்ரி, ரவை.”

“ரவையோ? பல்லுக்குள்ளை ரவை போனாலும் உப்பிடி மஞ்சளாய் வருமோ? நான் நேற்றுத்தான் உப்புமா திண்டனான்!”

மனிசி வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்க, டொக்டர் கையை விலக்கி, வாயைத் திறக்கவைத்து, ரஷ்யாவிலிருந்து கதையை ஆரம்பித்தார். அடுத்த கிழமை பரிமளம் அன்ரி தன் சகோதரிகளையும் கூட்டிக்கொண்டு போனார். அவர்களில் ஒருவருக்குப் பல்லே கிடையாது. எனது உரைக்குப் பக்கத்து ரூட்டிங்கிலிருந்து கோலியர்ஸ் வுட்டுக்கு வர “குளிரப்பா” என்று சொல்லும் சனம், டொக்டரின் வாசலில் மழையில் நின்றது.

பிறகு சவுத்தாலில் அந்தக் கலியாணம். வாழ்த்துரை நான். மாப்பிள்ளைக்கு முப்பத்தொரு வயது, கொஞ்சம் உடம்பு வைத்த பிள்ளை, மணவறைக்கு ஆறுதலாக வந்துகொண்டிருந்தான். பக்கத்திலிருந்தவரின் வாய் வடையால் நிறைந்திருந்தபடியால், டொக்டர் அவருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

“சொல்லுறது நாப்பத்துநாலு எண்டு. உண்மையா அளந்து பாத்தா நாப்பத்துமூண்டுகூட வராது. ஆனா ஆள் நல்ல பாரம். வெளிக்கிட்டா மெதுவாத்தான் வருவான்.”

முன் வரிசையில் பெண்ணின் பெரியம்மா. திரும்பி டொக்டரைப் பார்த்தார். மெதுவாக வந்துகொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். எழும்பினார்.

“நிப்பாட்டுங்கோ மேளத்தை! முப்பத்தொண்டு எண்டு சொல்லி எங்கடை பிள்ளையின்ரை தலையிலை நாப்பத்துமூண்டைக் கட்டப் பாக்கிறியளோ!”

மேளம் நின்றது. மாப்பிள்ளையின் தாய் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். டொக்டர் வியர்த்து விறுவிறுத்து மணவறைக்கு ஓடி விளக்கம் சொல்ல, சுற்றி நின்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். பிளந்த வாயைக் கண்டால் அவருக்குக் கதையைச் சுருக்கத் தெரியாது. முழுவதும் சொன்னார். கடைசியில் ஐயரே பூவைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்ப அந்த நெட்டையன், பழசுக்குள்ளை கடைசி வரைக்கும் பூரமாட்டானோ?” என்று கேட்டார். முகூர்த்தம் தப்பப் பார்த்தது. தாலி கட்டி முடித்ததும் மாப்பிள்ளையின் தகப்பன் என்னிடம் வந்து, “நேரம் போட்டுது அண்ணை, வாழ்த்துரையை விடுவம்” என்றார்.

விட்டோம். நான் வெறும் வாயோடு சாப்பாட்டுக்குப் போனேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். ஒரு சனிக்கிழமை என் மனைவி சரோஜா டொக்டரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். மேசையில் அவர் தொடங்கினார். சரோஜா இடியப்பத்தை வாயில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினார். அந்தக் கணத்தில் சரோஜா ஒரு சொல் சொன்னாள்.

“பேந்து?”

யாழ்ப்பாணத் தமிழில் 'பேந்து' என்றால் பிறகு என்று அர்த்தம். பேசுபவனுக்கு அதைவிடப் பெரிய பொன்னாடை கிடையாது. கலியாணம் செய்த நாளிலிருந்து நான் எத்தனையோ உரையை அவளுக்கு முன்னால் ஒத்திகை பார்த்திருக்கிறேன். “முடிஞ்சுதோ?” என்று கேட்டிருக்கிறாள். “சோறு ஆறுது” என்று சொல்லியிருக்கிறாள். பேந்து என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொறாமைதான், வேறென்ன? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மனிதரைக் கண்டாலே எனக்குக் காதால் புகை வந்தது.

அந்தப் புகை அடங்குமுன்னே சங்கச் செயலாளர் குகன் போன் எடுத்தான்.

“அண்ணை, இந்தமுறை ஒன்றுகூடலுக்கு உங்களுக்கு ஒரு ரெஸ்ற் குடுப்பம் எண்டு கமிற்றி யோசிக்குது.”

“நான் கேக்கேல்லையே.”

“இல்லை அண்ணை, சனம் ரவை டொக்டரைக் கேக்குது.”

நான் போனை வைத்தேன். இருந்தது ஒரே ஒரு மேடை. அதுவும் போயிற்று.

சில நாளில் அறிவித்தல் வந்தது. டொக்டர் கொடுத்த தலைப்பு 'துப்பாக்கி ரவை: தோற்றமும் வளர்ச்சியும்'. குகனுக்குப் பயம் பிடித்துவிட்டது. துப்பாக்கி என்று போட்டால் நகரசபைக் கவுன்சில்காரன் கூட்டம் வைக்க ஹோலைத் தரமாட்டான் என்று அந்தச் சொல்லை வெட்டிவிட்டான். மிச்சம் நின்றது 'ரவை: தோற்றமும் வளர்ச்சியும்'. நோட்டீஸ் அடித்த குகனின் மகள் பார்த்தாள். ரவை என்றால் அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். நெய் வழிய, முந்திரிக் கஜு பதித்த ஒரு தட்டுக் கேசரியின் படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டாள்.

நான் குகனைக் கேட்டேன்: “துப்பாக்கி எண்டு போடப் பயம். கீழை சிற்றுண்டி எண்ட இடத்திலை மிதிவெடி எண்டு போட்டிருக்கிறாய்?”

“அது ரோல்ஸ் மாதிரி எண்ணெயிலை பொரிச்ச ஒரு சாமான்தானே அண்ணை. உள்ளுக்கை முட்டை.”

படத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. எனக்கென்ன விசரா?

அன்றைக்கு ஹோல் நிறைந்து வழிந்தது. வந்ததில் முக்கால்வாசி பெண்கள். கையில் பேனை, மடியில் கொப்பி. நான் முன்வரிசையில் சரோஜாவுக்குப் பக்கத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். ஒரு மனிதர் மேடையில் விழுந்து நொறுங்குவதை இவ்வளவு கிட்டவிருந்து பார்க்கும் பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்காது.

டொக்டர் கோட் சூட் போட்டு ஏறினார். “வணக்கம்” என்றார். அவர் அடுத்த சொல்லை எடுக்கமுன்னே பரிமளம் அன்ரி எழும்பினார். டொக்டரிடம் முழுக்கதையும் கேட்டவர்தான். ஆனால் கேசரிப் படத்தைக் கண்டபின் அவருக்கு அதெல்லாம் மறந்துவிட்டது.

“டொக்டர், முதல்லை ஒண்டு. வறுத்த ரவையோ, வறுக்காததோ?”

டொக்டர் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் கேசரிப் படம் ஆளுயரத்துக்குத் தொங்கியது. மறுபடி சபையைப் பார்த்தார். வாயை அசைத்தார். சத்தம் வரவில்லை. ஒலிவாங்கி மட்டும் கூ என்றது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வாழ்நாள் முழுக்கத் திறந்த வாய்களுக்கு முன்னால் பேசிய மனிதர் அவர். இங்கே அத்தனை வாயும் மூடியிருந்தது. திறந்த ஒன்றும் கேள்வி கேட்டது. டொக்டர் கைலேஞ்சியை எடுத்தார். நெற்றியைத் துடைத்தார். கைலேஞ்சியைக் கீழே விட்டார்.

குகன் குனிந்து குனிந்து என்னிடம் ஓடிவந்தான். “அண்ணை, மானம் போகப்போகுது. உங்களிட்டைக் கைவசம் உரை ஏதும் இருக்கோ?”

இருக்கோவா? கோட்டுப் பையில் ஒன்று, காற்சட்டைப் பையில் ஒன்று. ஆண்டவன் இருக்கிறான் என்று பாதி எழும்பிவிட்டேன். மேடை எனக்கு ஐந்தடி தூரத்தில். என் மேடை.

அப்போது டொக்டர் என்னைப் பார்த்தார். ஊசியைக் கண்டவுடன் நாங்கள் அவரைப் பார்ப்போமே, அந்தப் பார்வை.

நான் திரும்ப உட்கார்ந்தேன். உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, வாயை ஆவென்று திறந்தேன்.

டொக்டர் என் வாயையே பார்த்தார். அவரை அறியாமலே சொன்னார்: “இன்னும் கொஞ்சம்.”

ஒலிவாங்கியில் ஹோல் முழுக்கக் கேட்டது. நான் இன்னும் கொஞ்சம் திறந்தேன்.

“ஓம். அப்பிடியே வைச்சிருங்கோ. உங்களுக்கு நாப்பத்துநாலைத் தெரியுமோ?”

பிறகு அவரை ஆரால் நிற்பாட்ட முடியும்? ரவை என்றால் இந்த ரவையில்லை என்று கேசரியைக் காட்டினார், சபை சிரித்தது. சிற்றுண்டித் தட்டை மேடைக்கு எடுப்பித்தார். ஒரே தடிப்பில் மூன்று ரோல்ஸைத் தூக்கினார். ஒன்றில் பெரிய கடி, இன்னொன்றில் சின்னக் கடி, மூன்றாவதைக் கடிக்கவில்லை. “இவன் ரஷ்யன், இவன் ஸ்பெஷல், இவன் மக்னம்!” கொப்பி கொண்டுவந்த பெண்கள் கொப்பியில் ரோல்ஸ் படம் கீறினார்கள். பரிமளம் அன்ரியே “பேந்து?” என்றார். பின் வரிசையிலிருந்தும் பேந்து வந்தது. தேநீர் ஆறியது. ஒருவரும் எழும்பவில்லை.

நான் நடுவில் ஒருமுறை தாடை நோகுதே என்று வாயை மூடினேன். டொக்டர் அந்த இடத்திலேயே திக்கினார். “மூடாதேங்கோப்பா!” என்று சரோஜா என் விலாவில் இடித்தாள். திரும்பத் திறந்தேன். முழுதும் வீடியோவில் இருக்கிறது. முன்வரிசையில் ஒருவர் முழு உரைக்கும் பிளந்த வாயோடு இருக்கிறாரே, அவ்வளவு ரசனையா என்று அதைப் பார்த்தவர்கள் கேட்கிறார்கள்.

கைதட்டு ஓய்ந்ததும் குகன் வந்தான். “அடுத்த வருஷமும் டொக்டர்தான் அண்ணை. நீங்களும் கட்டாயம் வரோணும். முன்வரிசையிலை உங்களுக்கு ஒரு கதிரை.”

காரில் சரோஜா சொன்னாள்: “நீங்கள் வாயைத் திறந்துகொண்டு கதைக்காமல் இருந்ததை நான் இண்டைக்குத்தான் கண்டன்.” சொல்லிவிட்டு, பல காலத்துக்குப் பிறகு என் கையைப் பிடித்தாள். எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. அந்தக் கைகூட டொக்டர் வாங்கித் தந்ததுதானே.

அடுத்தடுத்த வருஷமும் அதே கூத்துத்தான். அவர் பேச, நான் திறக்க. பிறகு டொக்டர் ஓய்வு எடுத்தார். மகள் ரொரன்ரோவுக்குக் கூப்பிட்டாள். போய்விட்டார். குகன் போன் எடுத்து, “அண்ணை, சிறப்புரை இனி நீங்கள்தான்” என்றான். நான் ஏறினேன். தொண்டையைக் கனைத்தேன். பாதிச் சபை எழும்பித் தேநீருக்குப் போனது. போட்டிக்கு ஆளில்லாமல் மேடை திரும்பக் கிடைத்ததற்கு நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். பேச்சை அரைவாசியில் முடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

போன கிழமை டொக்டர் போனில் வந்தார். குளிரைச் சொன்னார், பேரப்பிள்ளையைச் சொன்னார், பிறகு குரலைத் தாழ்த்தி, “இஞ்சை பக்கத்து வீட்டிலை ஒரு ஆள் இருக்கிறார். நான் கதைக்கேக்கை நல்லா வாயைத் திறந்துகொண்டு கேக்கிறார்” என்றார்.

முன்பின் தெரியாத அந்தப் பக்கத்து வீட்டுக்காரனை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.